18446744073709551615: பகாக் காரணிகள் ஆறா, ஏழா?

கேள்வி: பிட்வரிசை

வணக்கம். 64 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய முழு எண், அதாவது 2⁶⁴ − 1 = 18446744073709551615, பற்றிச் சில விவரங்கள் துல்லியமாக வேண்டும்.

முதலில் அதன் பகாக் காரணிகள் முழுவதும். ஒவ்வொன்றும் பகா எண்தான் என்பதைக் கையால் சரிபார்க்க வழி இருந்தால் நல்லது. அடுத்து, மொத்தக் காரணிகளின் எண்ணிக்கை, அவற்றின் கூட்டுத்தொகை, ஆய்லரின் ஃபை மதிப்பு (அந்த எண்ணோடு பொதுக் காரணி இல்லாத, அதைவிடச் சிறிய எண்கள் எத்தனை என்பது). இவை கடைசியில் போய்ச் சேருமிடம் ஒரு 64 பிட் எல்எஃப்எஸ்ஆர் (நேரியல் பின்னூட்ட நகர்வுப் பதிவகம்: பிட்களை நகர்த்தி, சில பிட்களைச் சேர்த்துத் திரும்ப உள்ளே செலுத்துவது). அதன் சுழற்சி நீளம், அதாவது தொடங்கிய நிலைக்கே திரும்ப ஆகும் நகர்வுகள், முழு 2⁶⁴ − 1 தானா என்று சோதிக்க வேண்டும்.

சிக்கல் இதுதான். கையில் உள்ள நிரல் 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297 என்று ஆறு காரணிகளோடு நிற்கிறது. கடைசி எண்ணை அடி 2 வைத்து ஃபெர்மா சோதனைக்கு (2-ஐ, எண்ணைவிட 1 குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) அனுப்பி, ‘பகா எண்’ என்று முடிவு தருகிறது. வேறொரு பட்டியலில் ஏழு காரணிகள் இருக்கின்றன. எது சரி? பதிவகச் சோதனையில் இந்த வித்தியாசம் விடையை மாற்றுமா?

---

பதில் 1: மீதிபூஜ்யம்

ஏழுதான் சரி. 4294967297 = 641 × 6700417. 1732-லேயே ஆய்லர் கண்டுபிடித்தது இது.

முழு எண்ணான 2⁶⁴ − 1-ஐப் பிரிக்க 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. ஒரு வர்க்கத்துக்கு ஒன்று குறைவான எண் இது: 4294967296² − 1. ஆகவே (2³² − 1)(2³² + 1). இடப்பக்க எண்ணும் அதே வடிவம்தான், அதையும் உடைக்கலாம். கடைசிவரை உடைத்தால்:

(2 + 1)(2² + 1)(2⁴ + 1)(2⁸ + 1)(2¹⁶ + 1)(2³² + 1) = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

உங்கள் நிரல் நின்ற இடம் இது. இந்த ஆறும் ஃபெர்மா எண்கள், அதாவது 2-ஐ 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும் அடுக்குகளுக்கு உயர்த்தி 1 கூட்டியவை. முதல் ஐந்து பகா எண்கள் என்பதைப் பார்த்து, இந்த வரிசை முழுக்கவே பகா எண்கள்தான் என்று 1640 வாக்கில் ஃபெர்மா நம்பினார். ஆறாவதே அதை உடைத்துவிட்டது.

641 ஏன் வகுக்கிறது என்பதை 4294967297-ஐத் தொடாமலே காட்டலாம். 641-ஐ இரண்டு விதமாக எழுதுங்கள்: 5 × 2⁷ + 1, 5⁴ + 2⁴. முதல் வடிவத்தின்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பது −1-க்குச் சமம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1-க்குச் சமம். இரண்டாவது வடிவத்தின்படி 5⁴ என்பது −2⁴-க்குச் சமம். அதை அங்கே வைத்தால் −2³² என்பது 1. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

எழுதி வைக்கும்போது இலக்கம் தவறாமலிருக்க ஒரு வழி: வலமிருந்து ஏழேழு இலக்கமாக வெட்டுங்கள். 184467 | 4407370 | 9551615. வாசிப்பு: 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95,51,615. மொத்தம் 20 இலக்கம். நடுத் துண்டில் இருக்கும் இரண்டு 0-களில் ஒன்றை விட்டுவிட்டு 19 இலக்கமாக எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

---

பதில் 2: ஒற்றைவால்

பகா நிரூபணத்தையும், நிரல் ஏமாந்த காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

ஒரு பகா எண் 2³² + 1-ஐ வகுக்கிறது என்று வையுங்கள். அந்தப் பகா எண்ணைப் பொறுத்தவரை 2³² என்பது −1. ஆகவே 2⁶⁴ என்பது 1, அதற்கு முன் எந்த அடுக்கிலும் 1 வராது. 2-இன் வரிசை (1 தரும் மிகச் சிறிய அடுக்கு) சரியாக 64. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, அந்தப் பகா எண்ணிலிருந்து 1 கழித்தால் 64-இன் மடங்கு கிடைக்க வேண்டும். இன்னும் ஒரு படி போகலாம். 64-இன் மடங்கு + 1 என்றால் 8-இன் மடங்கு + 1 என்றும் ஆகிறது. அப்படிப்பட்ட பகா எண்ணுக்கு 2 ஒரு வர்க்க மீதி, அதாவது ஏதோ ஒரு எண்ணின் வர்க்கத்தை அதனால் வகுத்தால் மீதி 2 வரும். அந்த வர்க்கமூலத்தின் வரிசை 128 ஆகிவிடும். எனவே காரணி 128-இன் மடங்கு + 1 ஆகத்தான் இருக்க முடியும்.

இந்த ஒரு வரி, வேலையை எவ்வளவு குறைக்கிறது என்று பாருங்கள். 6700417-இன் வர்க்கமூலம் 2588-க்குச் சற்று மேல். அதற்குள் 128-இன் மடங்கு + 1 வடிவில் 20 எண்கள் இருக்கின்றன: 129, 257, 385, … 2561. இவற்றில் பகா எண்கள் ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409. 257-ஐயும் விட்டுவிடலாம், இரண்டு வெவ்வேறு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி கிடையாது. மிச்சம் நான்கு வகுத்தல்:

641-ஆல் வகுத்தால் மீதி 44
769-ஆல் வகுத்தால் மீதி 120
1153-ஆல் வகுத்தால் மீதி 334
1409-ஆல் வகுத்தால் மீதி 622

எதிலும் 0 இல்லை. 6700417 பகா எண் என்பது முடிந்தது. 641-ஐ இரண்டாம் முறை சோதிப்பதைத் தவிர்க்காதீர்கள். ஒருமுறை வகுத்த எண் மறுபடியும் வகுக்கலாம்.

65537-க்கு இதே வழியில் ஒரே ஒரு வகுத்தல் போதும். அங்கே காரணியின் வடிவம் 64-இன் மடங்கு + 1, எல்லை 256. 65, 129, 193 என்ற மூன்றில் 193 மட்டும் பகா எண். வகுத்தால் மீதி 110. 257-க்கு அதுகூட வேண்டாம்: 32-இன் மடங்கு + 1 என்ற வடிவில் 16-க்குள் எண்ணே இல்லை.

இப்போது நிரல். 4294967297-இலிருந்து 1 கழித்தால் 2³². இது 64-இன் மடங்கு. 2⁶⁴ ஏற்கெனவே 1 தருவதால், 2-ஐ 2³² அடுக்குக்கு உயர்த்தினாலும் 1-தான் வரும். அடி 2 வைத்த ஃபெர்மா சோதனை இங்கே எதையும் சோதிக்கவில்லை. எண் பகு எண்ணோ பகா எண்ணோ, விடை 1-தான். எல்லா ஃபெர்மா எண்களுக்கும் இதே கதி. அடி 4, 8, 16 என்று மாற்றினாலும் பயனில்லை. எல்லாம் 2-இன் அடுக்குகள். அடி 2 வைத்த மில்லர்–ராபின் சோதனையும் (ஃபெர்மா சோதனையின் கடுமையான வடிவம்) ஏமாறும், ஏனென்றால் 2³² நேராக −1 தருகிறது.

அடியை 3 ஆக்குங்கள். 3-ஐ 2³¹ அடுக்குக்கு உயர்த்தி 4294967297-ஆல் வகுத்தால் மீதி 10324303. பகா எண்ணாக இருந்தால் 4294967296 வந்திருக்க வேண்டும். பெபின் சோதனை என்பது இதுதான். இன்னொரு முறை வர்க்கப்படுத்தினால் 3029026160. இங்கும் 1 வரவில்லை. பகு எண் என்று இரண்டு விதமாகவும் தெரிந்துவிடுகிறது.

64 பிட்டுக்குள் எந்த எண்ணாக இருந்தாலும், 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்களை அடியாக வைத்து மில்லர்–ராபின் ஓட்டினால் தீர்ப்பு உறுதியானது, நிகழ்தகவு அல்ல. நிரலில் அதையே போடுங்கள்.

---

பிட்வரிசை

நன்றி. காரணம் தெளிவாகிவிட்டது. முழு எண்ணையே, அதாவது 18446744073709551615-ஐ, அடி 2 வைத்துச் சோதித்தபோது நிரல் ‘பகு எண்’ என்று சரியாகச் சொன்னதே, அது எப்படி? மற்ற மதிப்புகளும் வேண்டும்.

---

பதில் 3: மீதிபூஜ்யம்

முழு எண்ணில் 1 கழித்தால் 2⁶⁴ − 2. இதை 64-ஆல் வகுத்தால் மீதி 62. ஆகவே சோதனை தருவது 2⁶², அதாவது 4611686018427387904. 1 இல்லை என்பதால் மாட்டிக்கொண்டது. பெரிய எண் மாட்டி, அதன் உள்ளே இருக்கும் துண்டு தப்பிப்பதற்கு இந்த மீதி மட்டுமே காரணம்.

மதிப்புகள்:

பகாக் காரணிகள்: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. ஏழும் வேறுவேறு, எதுவும் திரும்ப வரவில்லை. எனவே மொத்தக் காரணிகள் 2⁷ = 128. ஆறோடு நிறுத்தியிருந்தால் 64 என்று பாதியாகியிருக்கும்.

காரணிகளின் கூட்டுத்தொகை: ஒவ்வொரு பகாக் காரணியிலும் 1 கூட்டிப் பெருக்குவது. 4 × 6 × 18 × 258 × 642 × 65538 × 6700418 = 31421980989189888768. இந்தச் சுருக்குவழி, பகாக் காரணி எதுவும் திரும்ப வராத எண்ணுக்கு மட்டுமே பொருந்தும். இந்தத் தொகை மூல எண்ணைப் போல் ஏறத்தாழ 1.7034 மடங்கு. இரு மடங்கை எட்டாததால் இது குறைவு எண்.

ஃபை: ஒவ்வொன்றிலும் 1 கழித்துப் பெருக்குவது. முதல் ஐந்து ஃபெர்மா பகா எண்கள் 2, 4, 16, 256, 65536 தருகின்றன, பெருக்கினால் 2³¹. 640 = 2⁷ × 5. 6700416 = 2⁷ × 3 × 17449. எல்லாம் சேர்ந்து 2⁴⁵ × 261735 = 9208981628670443520.

கார்மைக்கேல் மதிப்பு வேண்டுமென்றால் பெருக்காமல் மீச்சிறு பொது மடங்கு எடுங்கள்: 2¹⁶ × 261735 = 17153064960. இந்த எண்ணோடு பொதுக் காரணி இல்லாத எதை இந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் மீதி 1. ஃபை மதிப்போடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. வேலைக்கு உதவுவதும் இதுதான்.

சரிபார்ப்பு: 9-ஐ வைத்து மட்டும் சோதிக்காதீர்கள். மூல எண்ணின் இலக்கக் கூட்டல் 87. ஒற்றை இலக்கமாக்கினால் 6. ஏழு காரணிகளைப் பெருக்கினாலும் 6. ஆனால் உள்ளே 3 இருப்பதால் இந்தச் சோதனையின் பலம் குறைந்துவிடுகிறது. மற்ற காரணிகளின் பெருக்கலில் தவறி 3-இன் மடங்கு அளவுக்கு விலகினால் 9-க்கு அது தெரியாது. 11-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூல எண்ணின் இலக்கங்களை வலமிருந்து கூட்டிக் கழித்து மாறிமாறிப் போனால் 37, அதாவது மீதி 4. காரணிகளின் மீதிகள் 3, 5, 6, 4, 3, 10, 9. பெருக்கி 11-ஆல் வகுத்தால் அதே 4. கூட்டுத்தொகையில் 65538 = 11 × 5958 இருப்பதால் அங்கே 11-இன் மீதி 0 வரவேண்டும்; வருகிறது.

இன்னொரு விவரம், எனக்கு இந்த எண்ணில் மிகப் பிடித்தது. 128 காரணிகளில் 641-ம் 6700417-ம் சேராத 32 மட்டும் தனி வகை. அவற்றில் 1-ஐ நீக்கினால் மிஞ்சும் 31 எண்களைப் பக்கங்களாகக் கொண்ட ஒழுங்குப் பலகோணங்களை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரையலாம். ஒற்றைப்படைப் பக்கங்களில் வரைய முடியும் என்று இன்றுவரை தெரிந்த பலகோணங்கள் இந்த 31 மட்டுமே. 17 பக்கத்துக்கு முடியும் என்பதை காஸ் 1796-இல் காட்டினார். 641 பக்கத்துக்கு முடியாது. 640-க்குள் ஒரு 5 ஒளிந்திருக்கிறது.

---

பதில் 4: மிதவைப்புள்ளி

கணினியில் இந்த எண் எங்கெங்கே சிதைகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். இதைத் தட்டினால் 18446744073709500000 ஆகிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண்ணாகக் கொடுத்தால் 18446744073709552000 என்று காட்டும்; உள்ளே இருப்பது 2⁶⁴. இரட்டைத் துல்லிய மிதவைப் புள்ளியில் 53 பிட்தான் உண்டு. 2⁶⁴-க்குக் கீழே அடுத்தடுத்த எண்களுக்கு இடையே 2048 இடைவெளி. நம் எண் அந்த இடைவெளியில் விழுந்து மேலே உருண்டுவிடுகிறது. அந்த நிலையில் ‘3-ஆல் வகுபடுமா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று வரும், ஏனென்றால் 2⁶⁴-க்கு 3 காரணி இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் பிக்இன்ட் வகையைப் பயன்படுத்துங்கள்.

பைத்தான் முழு எண்ணைச் சிதைக்காது. ஆனால் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் மிதவைப் புள்ளி ஆகிவிடும். இரட்டைச் சாய்கோடு வேண்டும். வர்க்கமூலத்திலும் கவனம். சாதாரண வர்க்கமூலச் செயற்கூறு 4294967296 தரும்; உண்மையான முழு எண் வர்க்கமூலம் 4294967295. முழு எண்களுக்கென்று தனியாக உள்ள வர்க்கமூலச் செயற்கூறு அதைச் சரியாகத் தரும்.

சி மொழியில் இரண்டு பள்ளங்கள். சுழல் நிபந்தனையை ‘வகுஎண் × வகுஎண் ≤ எண்’ என்று எழுதி, எண்ணின் இடத்தில் குறைக்கப்படாத 2⁶⁴ − 1-ஐயே வைத்திருந்தால் சுழல் முடியவே முடியாது. 64 பிட்டில் எந்தப் பெருக்கல் விடையும் அந்த எண்ணை மீறாது. 4294967296-இல் பெருக்கல் வழிந்து 0 ஆகும். ‘வகுஎண் ≤ எண் ÷ வகுஎண்’ என்று மாற்றுங்கள். காரணி கிடைக்கக் கிடைக்க எண்ணையும் வகுத்துக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அப்படிச் செய்தால் 65537-ஐத் தாண்டியதுமே 6700417 மிஞ்சி, சுழல் நின்றுவிடும். இரண்டாவது: மில்லர்–ராபினில் இரண்டு 64 பிட் எண்களைப் பெருக்கி மீதி எடுக்கும்போது நடுவிடைக்கு 128 பிட் தேவை. அது இல்லாமல் எழுதிய சோதனை, சிறிய எண்களில் சரியாக ஓடிவிட்டுப் பெரிய எண்களில் மட்டும் தப்பான தீர்ப்பு தரும்.

---

பதில் 5: ஒற்றைவால்

பதிவகச் சோதனைக்கு வருகிறேன். வித்தியாசம் விடையை மாற்றும்.

ஓட்டிப் பார்த்து எண்ண முடியாது. நொடிக்கு 100 கோடி முறை நகர்ந்தாலும் ஒரு முழுச் சுற்றுக்கு 584 ஆண்டு ஆகும். எனவே பதிவகத்தின் பின்னூட்ட இடங்களைக் குறிக்கும் பல்லுறுப்புக் கோவையில்தான் சோதிக்க வேண்டும். கெழுக்கள் 0, 1 மட்டும். கூட்டல் என்பது எக்ஸ்ஆர் (1 + 1 = 0).

முதல் படி: எக்ஸ்-ஐ 64 முறை தொடர்ந்து வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் கோவையால் வகுத்து மீதி எடுங்கள். முடிவில் மறுபடியும் எக்ஸ் வரவேண்டும். வந்தால் (மாறிலி உறுப்பு 1 என்பது ஏற்கெனவே உறுதியானால்) சுழற்சி நீளம் 2⁶⁴ − 1-ஐ வகுக்கும் ஏதோ ஒரு எண். அது முழு எண்ணேதானா என்பது இன்னும் தெரியாது.

இரண்டாம் படி: ஏழு பகாக் காரணிகள் ஒவ்வொன்றாலும் 2⁶⁴ − 1-ஐ வகுத்து, எக்ஸ்-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்துங்கள். ஏழிலும் 1 வரக்கூடாது. புதிதாக வருபவை இரண்டு அடுக்குகள்:

641-க்கு 28778071877862015
6700417-க்கு 2753074036095

ஆறு காரணி வைத்திருப்பவர் இந்த இரண்டுக்குப் பதிலாக 4294967295 என்ற ஒரே அடுக்கைச் சோதிப்பார். ஒரு கோவையின் உண்மையான சுழற்சி 28778071877862015 என்றால், அந்த நீளம் 4294967295-ஐ வகுக்காது. 3, 5, 17, 257, 65537 தரும் அடுக்குகளையும் வகுக்காது. ஆகவே ஆறு சோதனையிலும் 1 வராமல் தப்பி, ‘முழு நீளம்’ என்று முத்திரை வாங்கிவிடும். சுழற்சியோ 641-இல் ஒரு பங்கு.

இது அரிதான விபத்தும் அல்ல. முழு நீளம் தரும் 64 படிக் கோவைகளின் எண்ணிக்கை, ஃபை மதிப்பை 64-ஆல் வகுத்தால் வருவது: 143890337947975680. சுழற்சி சரியாக 641-இல் ஒரு பங்காக இருப்பவை 224828653043712. அதாவது 640 நல்லவற்றுக்கு ஒன்று என்ற விகிதம். 6700417-இல் ஒரு பங்காக இருப்பவை வெறும் 21474836480. அவை அகப்படுவது அபூர்வம். சமவாய்ப்பில் கோவை தேர்ந்தெடுக்கும் நிரலில் 641-ஐ விட்டுவிட்டால், ஆயிரம் கோவைகளில் ஒன்றிரண்டு பழுதாக வருவதை எதிர்பார்க்கலாம்.

தேர்ந்தெடுக்கவே வேண்டாம், ஒன்று போதும் என்றால்: எக்ஸ்⁶⁴ + எக்ஸ்⁴ + எக்ஸ்³ + எக்ஸ் + 1. இது முழு நீளம் தரும். தலைகீழ் வடிவமான எக்ஸ்⁶⁴ + எக்ஸ்⁶³ + எக்ஸ்⁶¹ + எக்ஸ்⁶⁰ + 1-ம் அப்படியே. 64, 63, 61, 60 என்று தட்டு இடங்களை (பின்னூட்டத்துக்கு எடுக்கும் பிட் இடங்கள்) தரும் வன்பொருள் அட்டவணைகளில் இருப்பது இதுதான். உங்கள் நிரலை முதலில் இந்த இரண்டில் ஓட்டிப் பாருங்கள். ஏழு சோதனையும் தாண்ட வேண்டும்.

---

பிட்வரிசை

ஏழு அடுக்குகளையும் நிரலில் மாற்றியாயிற்று. இரண்டு கோவைகளும் தாண்டுகின்றன. ஒரு கடைசிக் கேள்வி: 641 என்ற எண்ணை முன்னரே தெரியாமல், 4294967297-இலிருந்தே அதை வெளியே எடுக்க வேறு வழி உண்டா?

---

பதில் 6: இருவர்க்கம்

உண்டு. இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதுவது.

4294967297 = 65536² + 1² என்பது பார்த்தாலே தெரியும். பகா எண் ஒன்றை இப்படி எழுத ஒரே ஒரு வழிதான் இருக்கும். இந்த எண்ணுக்கு இரண்டாவது வழியும் இருக்கிறது: 62264² + 20449². அந்த நிமிடமே பகு எண் என்பது முடிவாகிவிட்டது. காரணியை எடுக்க, ஒத்தவற்றைக் கழித்தும் கூட்டியும் மீப்பெரு பொதுக் காரணி பாருங்கள்.

கழித்தால்: 65536 − 62264 = 3272, 20449 − 1 = 20448. மீப்பெரு பொதுக் காரணி 8.
கூட்டினால்: 65536 + 62264 = 127800, 20449 + 1 = 20450. மீப்பெரு பொதுக் காரணி 50.

இரண்டிலும் பாதி எடுத்து வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள்: 4² + 25² = 641. மற்றக் காரணியும் இதிலேயே இருக்கிறது: 3272 ÷ 8 = 409, 20448 ÷ 8 = 2556; 409² + 2556² = 6700417.

முழு 18446744073709551615-இல் இந்த வழி செல்லாது. அதை 8-ஆல் வகுத்தால் மீதி 7. அப்படிப்பட்ட எண்ணை இரண்டு வர்க்கமாக மட்டுமல்ல, மூன்று வர்க்கமாகக்கூட எழுத முடியாது, நான்கு வேண்டும். தடையாக இருப்பது அந்த ஒரு 3. அதை வகுத்து எடுத்துவிட்டால் மிஞ்சும் 6148914691236517205-இன் பகாக் காரணிகள் ஆறும் 4-இன் மடங்கு + 1 வடிவம். அதை இரண்டு வர்க்கங்களாக 32 விதமாக எழுதலாம்.